பதினோரு கையெழுத்து

கில்மரி, அயோவா
ஜனவரி 12, 1975

அன்புள்ள எவரெட்,

பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறிவிட்டது. நான் நலம். இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் குடைந்துகொண்டே இருக்கிறது. உன் வீட்டுக்காரி டாரத்தி பின்னி அனுப்பிய கையுறை அளவாக இருக்கிறது என்று சொல். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

அடுத்த மாதம் உங்கள் கல்லூரி ஆட்சிக்குழு கூடும்போது, கிரேக்க மொழித் துறையை எடுத்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. துறை என்றால் யார்? நானும் ஒரு கரும்பலகையும் இந்த வருஷத்து மூன்று மாணவர்களும். கல்லூரி பிரசிடென்ட் லுண்ட்க்விஸ்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "மிஸ் கில்லெஸ்பி, இது உங்க மேல உள்ள குறை இல்ல, நம்பருங்கதான் இப்படிச் சொல்லுது" என்றார். நம்பர் பேசி நான் இதுவரை கேட்டதில்லை என்றேன். சிரித்துவிட்டார். மனிதர் லுத்தரன் சபையிலிருந்து வந்தவர். நம் பிரஸ்பிட்டேரியன் ஆட்கள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தொன்பது வருஷமாக இங்கே சொல்லித்தருகிறேன். துறை போனால் வேலை போகும். வேலை போனால் கல்லூரி கொடுத்த இந்த வீடும் போகும். இந்த வயதில் ஒரு கிரேக்க வாத்தியாரம்மாவை யார் வாங்க என்று கூப்பிடப் போகிறார்கள்?

நம் சபைகளின் பேரவையான சினாடு உன்னை அந்த மேஜைக்கு அனுப்பியிருக்கிறது. உனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. கிரேக்கப் பரீட்சை எழுதாமல் நம் சபையில் யாரும் போதகராக முடியாது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பரீட்சைக்கு உன்னைத் தேற்றிவிட்டது யார் என்பதும் தெரியும். அக்காவுக்காகச் செய் என்று நான் கேட்கவில்லை. மனதில் பட்டதை வாயைத் திறந்து சொல் என்றுதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
வினிஃப்ரெட்


பெல்ஃபோர்ட், நெப்ராஸ்கா
ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இங்கே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. வியாழக்கிழமை சர்ச் கொதிகலன் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார்கள். வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டதாக மூப்பர் ஒருவர் சொன்னார். அவ்வளவு குளிரில் தூக்கம் வராது என்பதும் காரணமாக இருக்கலாம்.

நீ எழுதிய விஷயத்தைப் பற்றி நான் எழுதுவது முறையில்லை. குழுவில் இருக்கிற ஒருவன் தன் கூடப் பிறந்தவளைப் பற்றிய தீர்மானத்தில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று தலைவர் டோலிவரைத் தொலைபேசியில் கேட்டேன். "விதியில ஒண்ணும் சொல்லல ரெவரெண்ட், உங்க மனசாட்சிப்படி செய்யுங்க" என்றார். மனசாட்சியைக் கேட்டால், ஓட்டெடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடு என்கிறது. அப்படியே செய்யலாம் என்று இருக்கிறேன்.

கூட்டம் பிப்ரவரி 14, 15 இரண்டு நாள். இந்தத் தடவை உன் வீட்டில் தங்கவில்லை, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் இடம் சொல்லிவிட்டேன். வருத்தப்படாதே. நாலு பேர் பேச இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

பல்லை ப்ரூயிட்டிடம் காட்டு.

உன் தம்பி,
எவரெட்


கில்மரி
ஜனவரி 27

எவரெட்,

மோட்டலாம் மோட்டல். நான் இங்கே என்ன சாராயக்கடையா நடத்துகிறேன்? போதகர் அக்கா வீட்டில் ரொட்டி தின்றார் என்று எந்தப் பேப்பரில் போடுவார்கள்?

சரி, எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள். ஆனால் ஓட்டு நேரத்தில் வெளியே போகாதே. இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தலைவருக்கு ஓட்டில்லை. மீதி இருபத்து மூன்று பேர். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் எல்லாம் சொல்கிறார்கள், அதனால் எண்ணுவது கஷ்டமில்லை. பாதிக்குப் பாதி இழுத்துக்கொண்டு நிற்கிறது. பல் டாக்டர் ப்ரூயிட்டும் குழுவில் இருக்கிறாரே, போன ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது கிட்டே வந்து, "கவலப்படாதீங்க மிஸ், நாங்கல்லாம் இருக்கோம்" என்றார். ஊரார் இருக்கும்போது நீ மட்டும் வெராந்தாவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

உட்கார்ந்திரு. உனக்கு நியாயம் என்று படுகிற பக்கம் போடு.

வின்னி


பெல்ஃபோர்ட்
பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

கல்லூரியிலிருந்து உனக்கு முறைப்படி கடிதம் வரும். அதற்குமுன் என் மூலமாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். தீர்மானம் நிறைவேறிவிட்டது. துறையை எடுக்கவேண்டும் என்று பன்னிரண்டு ஓட்டு, கூடாது என்று பதினொன்று. சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்ட ரகசிய ஓட்டு. நீ சொன்னபடி நான் வெளியே போகவில்லை.

ஜூன் வரைக்கும் வகுப்பு நடக்கும். ஆகஸ்ட் கடைசி வரை வீட்டில் இருக்கலாம். உன் சேவையைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டார்கள். அதற்கு எதிர்ப்பில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூட்ட அறை ஜன்னல் வழியாக நீ புத்தகப்பையோடு ஜெபாலயத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். கையசைக்கலாமா என்று யோசிப்பதற்குள் போய்விட்டாய். பனிப்புயல் வருவதாகச் சொன்னார்கள், அதனால் கூட்டம் முடிந்ததும் அப்படியே கிளம்பிவிட்டேன். லிங்கன் தாண்டியதும் சாலை வழுக்கல் அதிகம்.

உன் தம்பி,
எவரெட்


கில்மரி
பிப்ரவரி 25

அன்புள்ள தம்பி,

முறைப்படி வரவேண்டிய கடிதமும் வந்துவிட்டது. பாராட்டுத் தீர்மானத்தைக் கெட்டித் தாளில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். சமையலறை அலமாரியில் விரிக்கலாமா என்று பார்த்தேன், அளவு போதவில்லை.

அழவில்லை. வகுப்பில் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினைச்சொல் பட்டியலை எடுங்கள் என்றேன், எடுத்தார்கள்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாயே, அது எனக்குப் பெரிசு. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? யாரோ உடைத்த கோழிமுட்டைக்கு நீ போய் அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவன். அந்தப் பதினொன்றில் ஒன்று உன்னுடையது என்று நினைத்தால் தோற்றதுகூட அவ்வளவு கசக்கவில்லை. உனக்கும் டாரத்திக்கும் இரண்டு பாட்டில் பிளம் ஜாம் அனுப்பியிருக்கிறேன்.

கசப்பெல்லாம் ப்ரூயிட் மேல்தான். நாங்கல்லாம் இருக்கோம் என்றாரே, அந்த மனிதர் கூட்டம் முடிந்ததிலிருந்து என்னைக் கண்டால் தெருவைத் தாண்டி அந்தப்பக்கம் போகிறார். கண்ணைப் பார்க்கத் தைரியமில்லாதவர்தான் பன்னிரண்டாவது ஆள், இதற்குத் துப்பறிகிறவன் வரவேண்டாம். அவர் மனைவி லெனோர் வேதபாட வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. நான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். பல் டாக்டரிடம் குறித்து வைத்திருந்த நாளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் வேறு பல் டாக்டர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, கிராம்பு இருக்கிறது.

உன் அக்கா,
வின்னி


பெல்ஃபோர்ட்
மார்ச் 6

அன்புள்ள அக்கா,

ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. இங்கே பனி உருகி எல்லா இடமும் சேறு. பன்றிப் பண்ணைக்காரர்கள் வெளியே வரமுடியாமல் இருப்பதால் சபைக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

டாக்டர் ப்ரூயிட் விஷயத்தில் அவசரப்படாதே. ரகசிய ஓட்டு ரகசியமாகவே இருக்கட்டும். யார் எந்தப்பக்கம் போட்டார் என்று தேட ஆரம்பித்தால் ஊரில் யாரோடும் பழக முடியாது. லெனோர் நல்ல பெண். பல்லைத் தள்ளிப்போடாதே, விஷம் ஏறினால் ஆபத்து.

டாரத்தி தன் தையல் அறையை ஒழித்துத் தருவதாகச் சொல்கிறாள். ஆகஸ்டுக்குப் பிறகு நீ எங்களோடு வந்து இருக்கலாம். அறைக்குக் கிழக்கு வெளிச்சம் நன்றாக வரும். யோசித்துச் சொல்.

உன் தம்பி,
எவரெட்


கில்மரி
மார்ச் 17

எவரெட்,

போன புதன்கிழமை என் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. கிராம்பு கைவிட்டது. வேறு வழியில்லாமல் ப்ரூயிட்டிடம் போனேன். முன் அறை மேஜையில் லெனோர்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு வாரமா எங்களப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறீங்க. பல்லு வலிச்சாத்தான் எங்க ஞாபகம் வருதாக்கும்?" என்றாள்.

"மொதல்ல தெருவத் தாண்டிப் போனது உங்க வீட்டுக்காரருதான்." எனக்குப் பாதி வாய்தான் திறந்தது.

"அவரு வெக்கப்பட்டு ஒண்ணும் போகல மிஸ். உங்ககிட்ட என்னத்தப் பேசறதுன்னு தெரியாமப் போனாரு. அவரு உங்களுக்குத்தான் போட்டாரு. போட்டது மட்டுமில்ல, மினிட்ஸ் புத்தகத்துல மறுப்புன்னு கையெழுத்தும் போட்டிருக்காரு. லைப்ரரிலதான இருக்கு, போய்ப் பாருங்க. பாத்துட்டு யாரு மேல கோவப்படணுமோ அவங்க மேல படுங்க."

நான் அதை மறந்தே போயிருந்தேன். தீர்மானத்தில் தோற்றவர்கள் "எங்களுக்கு இதில் சம்மதமில்லை" என்று மினிட்ஸ் புத்தகத்தில் பேரெழுதி வைப்பது நம் சபையில் எந்தக் காலத்திலும் உண்டு. நம் ஆட்கள் யாருக்கும் தெரியாமல் சீட்டில் ஓட்டைப் போடுவார்கள். தோற்றதும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அந்த ரகசியத்தைத் தாங்களே உடைப்பார்கள். இந்தப் புத்தி வேறு யாருக்கு வரும்?

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு நேராக லைப்ரரிக்குப் போனேன். வந்திருந்தவர்கள் இருபத்து மூன்று. ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு பதினொன்று. மறுப்பின் கீழே பதினோரு கையெழுத்து. இரண்டு தடவை எண்ணினேன். ப்ரூயிட் மூன்றாவது. உன் பெயர் இல்லை.

புத்தகம் மேஜையைச் சுற்றிக் கைமாறித்தான் வந்திருக்கும். உன் கைக்கும் வந்திருக்கும். வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்திருக்கிறாய்.

ஏன் என்று எழுது. வானிலை வேண்டாம்.

வினிஃப்ரெட்


பெல்ஃபோர்ட்
மார்ச் 24

அக்கா,

ஆமாம். நான்தான் போட்டேன்.

கிரேக்கம் வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. நீ ஜெயிக்கப்போகிறாய் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். துறை இருக்கட்டும் என்று பதினான்கு பேர் தேறினார்கள், என்னைச் சேர்க்காமல். அப்படியானால் என் ஓட்டு உனக்குத் தேவையில்லை. தேவையில்லாத ஓட்டை உனக்குப் போட்டால், தம்பி தயவில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். எதிராகப் போட்டால் உன் ஜெயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. நாளைக்கு யாராவது கேட்டாலும், நான் என் அக்காவுக்குப் போடவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்லலாம். அப்படித்தான் யோசித்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அதில் உன்னைவிட நான்தான் அதிகம் இருக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே பிரசிடென்ட் ஒரு மணி நேரம் வரைபடம் காட்டிப் பேசினார். மூன்று பேர் மனம் மாறிவிட்டார்கள். அது எனக்குத் தெரியவில்லை. டோலிவர் எண்ணிக்கையை வாசித்தபோதுதான் தெரிந்தது. நான் முதலில் நினைத்தபடி எழுந்து வெளியே போயிருந்தாலும் பதினொன்றுக்குப் பதினொன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் அர்த்தம். அடுத்த வருஷமும் நீ வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பாய்.

மறுப்புப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் நீ ஒருநாள் பார்த்துவிடுவாய். பேனாவையும் சேர்த்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன்.

ப்ரூயிட்டை நீ சந்தேகப்பட்டபோதே நான் சொல்லியிருக்கவேண்டும். ஜாம் பாட்டில் இரண்டும் திறக்காமல் இருக்கின்றன.

எவரெட்


கில்மரி
ஏப்ரல் 3

எவரெட்,

உன் கடிதத்தை ஒரு வாரம் மேஜை மேல் வைத்திருந்தேன்.

கிரேக்கம் செத்த பாஷை, கல்லூரிக்குச் சுமை என்று நினைத்து நீ எதிராகப் போட்டிருந்தால், ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்திருப்பேன். அது ஒரு கருத்து. உன்னுடையது கருத்துகூட இல்லை. உன் சட்டையில் கறை படக்கூடாது என்று என் வீட்டுக் கூரையைப் பிடுங்கியிருக்கிறாய்.

சபைப் பள்ளியில் ஆறு வருஷம் கிளார்க்காகவும், இங்கே ஆசிரியர் குழுவில் எட்டு வருஷம் செயலாளராகவும் இருந்தவள் நான். விதிப்புத்தகம் எனக்குப் பாடம். முடிந்துபோன தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்ப எடுக்கலாம். ஆனால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்ட ஒருவர்தான் எழுந்து கேட்கவேண்டும். தோற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. அதாவது எனக்குப் போட்ட பதினோரு பேரும் வாயைத் திறக்க முடியாது. பன்னிரண்டில் பதினோரு பேர் திறக்கமாட்டார்கள்.

மிச்சம் இருப்பது நீ.

அடுத்த கூட்டம் மே 17. எழுந்தால், நான் அவளுக்கு எதிராகப் போட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டியிருக்கும். அதை மறைத்து இந்தத் தீர்மானத்தைத் தொட வழியில்லை.

வினிஃப்ரெட்


பெல்ஃபோர்ட்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நீ சொன்ன விதியைப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடு. ஜூன் மாதம் சினாடு தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கியதில்லை. ஓட்டை நியாயத்துக்குப் போடாமல் தன் பெயருக்குப் போட்டவன் என்று தெரிந்தபிறகு அந்த மேடையில் எப்படி நிற்பது? அந்தப் பதவி எனக்குப் பெரிசாகத் தோன்றுகிறது, அவ்வளவு பெரிசில்லை என்றும் தெரிகிறது.

இன்னொன்று. நான் எழுந்தால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே, அக்காவுக்காகவா என்பதாகத்தான் இருக்கும். எந்தப் பேச்சுக்குப் பயந்து இதைச் செய்தேனோ அதே பேச்சு. கல்லூரியின் நலனுக்காக, சபையின் படிப்புக்காக என்று ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

டாரத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு உங்க பேருதான் முக்கியம்னா அதயாவது தைரியமாச் சொல்லுங்க. நடுவுல நின்னுக்கிட்டு என் பிராணன எடுக்காதீங்க" என்றாள். இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை.

உன் தம்பி,
எவரெட்


கில்மரி
ஏப்ரல் 22

எவரெட்,

லெனோரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மிஸ், ஒங்க எடத்துல நானா இருந்தா கல்ல விட்டு எறிஞ்சிருப்பேன்" என்றாள். மறுபடி பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன்.

புத்தகங்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டேன். நீ எழுவாய் என்று நம்பவும் இல்லை, எழவேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். மறுபடி கெஞ்ச எனக்கு வராது.

தையல் அறை வேண்டாம். டாரத்திக்கு என் நன்றி. இப்போது உன் வீட்டில் இருந்தால் காபியை நீட்டும்போதெல்லாம் உன் முகத்தில் அந்த ஓட்டுத்தான் தெரியும். வரமாட்டேன்.

வினிஃப்ரெட்


பெல்ஃபோர்ட்
மே 19

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை எழுந்து கேட்டேன்.

பிப்ரவரியில் நான் எந்தப் பக்கம் போட்டேன் என்பதையும், எதற்காகப் போட்டேன் என்பதையும் சொன்னேன். ப்ரூயிட் வழிமொழிந்தார். தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார்கள். கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னேன். பிறகு மறுபடி சீட்டு.

தோற்றுவிட்டோம். துறையை எடுக்கப் பதினான்கு, கூடாது என்று ஒன்பது. முன்பைவிட மோசம். நான் எழுந்ததால் உனக்கு ஒரு நன்மையும் இல்லை. மறுப்பில் கையெழுத்துப் போட்டேன்.

சினாடு தலைவர் பதவிக்கு என் பெயர் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கூட்டம் முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ பட்டமளிப்பு ஒத்திகையில் இருந்தாய் போலிருக்கிறது, மைதானத்தில் ஸ்காட்லாந்து பைப் இசை கேட்டுக்கொண்டிருந்தது. படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எவரெட்


கில்மரி
மே 27

அன்புள்ள தம்பி,

கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன கேள்வி, என்ன பதில் என்று எழுதவில்லை. நல்லவேளை, இந்த ஊரில் ரகசியம் தங்காது. ஞாயிற்றுக்கிழமை ப்ரூயிட் வீட்டில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறியை அறுத்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

நீ நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தாயாம். அப்போது டோலிவர், "ரெவரெண்ட், சுத்தி வளைக்காம கேக்கறேன். அவங்க உங்க அக்காங்கறதாலதான இத மறுபடி எழுப்பறீங்க?" என்று கேட்டாராம். கல்லூரியின் நலன், சபையின் படிப்பு என்று அந்தத் தாளில் உள்ளதை நீ வாசித்துவிடவேண்டுமே என்று ப்ரூயிட் மேஜைக்கு அடியில் விரலைக் கோத்துக்கொண்டு ஜெபம் செய்தாராம்.

நீ தாளை மடித்துத் திரும்பப் பாக்கெட்டில் போட்டாயாம். "ஆமா. அவங்க எங்க அக்கா. அவங்களுக்காகத்தான் கேக்கறேன்" என்றாயாம். உட்கார்ந்துவிட்டாயாம்.

"அந்த ஒரு வார்த்தையில மூணு ஓட்டு போச்சு மிஸ்" என்றார் ப்ரூயிட். "சொந்தக்காரங்களுக்குன்னு சொன்னப்புறம் எங்காளுங்க ஒத்துக்குவாங்களா? எல்லாரும் மொகத்த இறுக்கிக்கிட்டாங்க. உங்க தம்பி கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தாருன்னா நாம ஜெயிச்சிருப்போம்." லெனோர் அவர் காலில் மிதித்தாள். எனக்குத் தெரியும்படிதான் மிதித்தாள்.

நான் இந்த ஊரிலேயே இருக்கப்போகிறேன். பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். என் மூன்று மாணவர்களில் இரண்டு பேர் போதகர் படிப்புக்குச் செமினரிக்குப் போகிறவர்கள். அவர்களுக்குக் கிரேக்கம் வேண்டும். செப்டம்பரிலிருந்து மாடியேறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழே பல்லைக் குடையும் சத்தத்துக்கு நடுவே வினைச்சொல் சொல்லித்தரவேண்டும்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு நிச்சயம் வரும். நீ போட்ட ஓட்டு போட்டதுதான், அது எந்தப் புத்தகத்திலிருந்தும் அழியாது.

ஆனால் இன்று காலை தபாலாபீசில் வரிசையில் நின்றிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிற மிஸஸ் ஹாஸ்கெல், எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூடச் சொல்லாதவள், தபால்தலையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "உங்க தம்பி உங்களுக்காக எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சு நின்னாராமே" என்றாள். ஆமா, நின்னான் என்றேன். நீ பயந்துகொண்டே இருந்த பேச்சு இதுதான், எவரெட். அவளுக்குத் தம்பி இருக்கிறான், அவளுக்காக அவன் கேட்டான் என்கிற பேச்சு. ஐம்பத்தெட்டு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படி ஒன்று சொன்னதில்லை. சொல்லக் கேட்டால் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன்.

அந்த மூன்று ஓட்டு போனால் போகட்டும்.

உன் அக்கா,
வின்னி